மொட்டையடித்த மோட்டார்கள்

கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் பழைய மோட்டார்க் கார்களைப் பிரியத்தோடு வைத்துக் காப்பாற்றுகிறவர்களும், அவற்றுக்கு டிங்கர் வேலையும் பெயிண்ட் வேலையும் செய்து ஜீவனம் நடத்துகிறவர்களும் ஒருமனதாக ஒப்புக்கொண்டுவிட்ட அபிப்பிராயம் ஒன்று உண்டு. அம்பாசிடரோ, பியட்டோ, ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ புதுப்பிப்பதற்காகப் பட்டறைக்கு வரும்போது, அதன் பக்கவாட்டுப் பட்டையாகிய பீடிங், பானெட்டின் மேலிருந்த மோனோகிராம், டிக்கியில் பதித்திருந்த பெயரெழுத்துகள், விளக்கைச் சுற்றிய வளையம் முதலியவற்றுள் எது காணாமற்போயிருந்தாலும் அதைத் தேடிப் பிடித்து மறுபடி பொருத்துவது வீண் சிரமம் என்பதும், அது மாட்டியிருந்த துளைகளை வெல்டிங் வைத்து அடைத்துப் பட்டி தடவித் தேய்த்து ஒரே வழவழப்பாகப் பெயிண்ட் அடித்துவிடுவதே புத்திசாலித்தனம் என்பதும் அந்த அபிப்பிராயம். “பீடிங் எதுக்கு சார், மொட்டையா விட்டாத்தான் எடுப்பா இருக்கும்” என்பதைக் கடலூர் மஞ்சக்குப்பத்திலும் கேட்கலாம், சிதம்பரத்துப் புறவழிச்சாலையிலும் கேட்கலாம். சொல்லுகிறவர்கள் மூடர்களல்லர், பலர் கைதேர்ந்த தொழிலாளிகள். ஆயினும் இந்த அபிப்பிராயம் அடியோடு தவறானது என்பதும், பலபேர் திரும்பத் திரும்பச் சொல்லிவருவதைத் தவிர அதற்கு வேறு பலம் இல்லை என்பதும் என் துணிபு.

அவர்கள் காட்டும் காரணங்களைக் குறைக்காமல் எடுத்துவைத்துவிட்டு மறுப்பதே முறை. பட்டையும் எழுத்தும் வெறும் அலங்காரம், வண்டி ஓடுவதற்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை என்பார்கள். வங்காள விரிகுடாவின் உப்புக்காற்று இரவு பகலாக வீசும் ஊரில் பட்டையின் முதுகுப்புறத்தில்தான் துரு பிடிக்கத் தொடங்குகிறது என்பார்கள். அசல் உருப்படி அகப்படாது, அகப்பட்டாலும் யானை விலை குதிரை விலை என்பார்கள். அதையும் சமாளித்தால், குரோமியம் முலாம் பூசுவது மண்ணையும் தண்ணீரையும் விஷமாக்கும் தொழில், ஒரு காரின் ஜிலுஜிலுப்புக்காக அந்தப் பாவத்தில் பங்கு கொள்ள வேண்டுமா என்றும் கேட்பார்கள். இந்தக் கடைசிக் கேள்வி ஒன்றுதான் உண்மையில் மரியாதைக்குரியது. அதற்கான பதிலைப் பிறகு சொல்கிறேன்.

அலங்காரம் என்னும் வாதம் அமெரிக்கக் காரைப் பற்றிச் சொல்லப்பட்டிருந்தால் அதில் பாதி நியாயமாவது இருந்திருக்கும். அங்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காரின் உடலையே மாற்றினார்கள். ஆகையால் பட்டைகளையெல்லாம் கழற்றி எறிந்தாலும், மட்கார்டின் வளைவையும் கூரையின் சரிவையும் பார்த்தே அது எந்த வருஷத்து வண்டி என்று தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். நம் தேசத்தின் கதை வேறு. 1953-இல் தீர்வைக் கமிஷன் தந்த அறிக்கையை அரசாங்கம் ஏற்று, இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் உள்ளவர்களுக்குத்தான் இடம், பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டி விற்பவர்களுக்கு இடமில்லை என்று தீர்மானித்ததும், ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் கடையைக் கட்டிக்கொண்டு போயின. கார் என்று சொல்லத்தக்கதை உற்பத்தி செய்ய மிஞ்சியவை மூன்று: வங்காளத்து உத்தரபாராவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், நம் சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ். லைசென்ஸும் இறக்குமதிக் கட்டுப்பாடும் போட்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டன. வாங்குகிறவர்களோ பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். இந்த நிலையில், உடலை அடிக்கும் பெரிய அச்சுகளைப் பெருஞ்செலவில் மாற்ற எந்த முதலாளிக்குத்தான் மனம் வரும்? மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் உருவத்தில் 1950களின் பிற்பகுதியில் பிறந்த அம்பாசிடர், கூரையும் கதவும் மாறாமலே 2014 மே மாதம் வரை வந்துகொண்டிருந்தது. 1964-இல் வந்த பியட் 1100 டிலைட்டின் உடலோ பேர் மாறிப் பேர் மாறி அந்த நூற்றாண்டின் இறுதிவரை ஓடிற்று.

அப்படியானால் இந்த வண்டிகளில் காலத்துக்குக் காலம் எதுதான் மாறிற்று? பட்டறைக்காரர்கள் அலங்காரம் என்று தள்ளுகிறார்களே, அதுதான் மாறிற்று. அம்பாசிடரின் மார்க் 2, 1960களில் நெருக்கமான சிறு கட்டங்களுடைய கிரில்லோடு வந்தது; 1979-இல் வந்த மார்க் 4, பெரிய சதுரக் கட்டங்களோடு வந்தது. இரண்டின் கதவையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் சாய்த்துவைத்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். அதைவிட விசேஷமானது பியட்டின் சரித்திரம். இத்தாலியக் கம்பெனியின் பெயரைத் தாங்கி வந்த கார், 1970களின் தொடக்கத்தில் அந்தப் பெயரைக் களைந்து ‘பிரீமியர் பிரெசிடென்ட்’ ஆகி, 1974-இல் ‘பிரீமியர் பத்மினி’ ஆயிற்று. அந்த மாற்றம் நிகழ்ந்த நாளில் என்ஜின் மாறவில்லை, உடல் மாறவில்லை. மாறியவை உலோக எழுத்துகளே. அந்நியக் கூட்டுறவு முடிந்து சுதேசிப் பெயர் வந்த ஒரு தொழில் சரித்திரம் முழுவதும் டிக்கியின் மேல் சில விரற்கடை நீளத்தில் எழுதப்பட்டிருக்க, அதைப் பட்டியால் பூசி மறைப்பதற்குப் புத்திசாலித்தனம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பெயரெழுத்துக்கு மதிப்பில்லை என்கிறவர்களுக்கு இன்னொரு செய்தி. 2017-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசிடர் என்னும் பெயரைப் பிரெஞ்சுக் கம்பெனியான பெஷோவுக்கு விற்றது. விற்பனைக்கு வந்தது ஆலையல்ல, அச்சுமல்ல, பெயர். விலை 80 கோடி ரூபாய். அந்தப் பெயரைத் தாங்கிய நாகக் கலவைத் துண்டு காயலான் கடையில் எடைக்குப் போகிறது.

தென்னாற்காடு ஜில்லாக்காரர்களுக்கு மற்றவற்றைவிட நெருங்கிய உறவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. சென்னைக்கு வெளியே வண்டலூரில் உருவான கார் அது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுக்காக இத்தாலிய நிபுணர் ஜியோவானி மிக்கெலொட்டி வரைந்த உருவம். 1961-இல் இங்கே வந்தபோது 948 சி.சி. என்ஜின், இரண்டு கதவுகள். 1968-இல் வந்த மார்க் 3-க்கு நான்கு கதவுகள். 1972-இல் அதுவே கெஸல் ஆயிற்று. அடிச்சட்டத்தின் மேல் உடலைத் துண்டு துண்டாகப் போல்ட்டு வைத்துப் பூட்டுகிற அமைப்பாதலால், எந்தத் துண்டும் எந்த வண்டியிலிருந்தும் மாறிவந்திருக்கலாம். ஆகவே ஒரு ஹெரால்டு தன் பருவத்தை நம்பத்தக்க முறையில் சொல்வது அதன் கிரில்லாலும் பட்டையாலும் எழுத்தாலுந்தான். டாக்டர்களும் வக்கீல்களும் அண்ணாமலைநகர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் ஒருகாலத்தில் விரும்பி ஓட்டிய வண்டி. செய்த கம்பெனியே இன்று இல்லை. இந்த வண்டியை மொட்டையடிக்கிறவர் வேறு எவரையும்விடப் பெரிய நஷ்டத்துக்குப் பொறுப்பாளி.

வெறும் அலங்காரம் என்பது ஸ்தூலமான உண்மையும் அன்று. இரு வர்ணம் அடித்த கார்களில் மேல்வர்ணமும் கீழ்வர்ணமும் சந்திக்கும் கோட்டை மூடுவது பட்டை. அதை எடுத்துவிட்டால் பெயிண்டின் விளிம்பு வெயிலுக்கும் நகத்துக்கும் திறந்துகிடக்கிறது. சில கார்களின் கண்ணாடி ரப்பருக்குள் பளபளப்பான நாடா ஒன்று ஓடுகிறதே, அது அழகுக்காக மட்டும் ஓடவில்லை. ரப்பரை விரித்துக் கண்ணாடியின்மேல் இறுக்கும் ஆப்பு அதுவே. அதை இழந்த கார் ஐப்பசி மழையில் ஓட்டுகிறவருடைய மடியில் ஒழுகும். ஒழுகிய பிறகு ரப்பரின்மேல் சிலிகான் பசையை அப்பி, அதையும் ஒரு பரிகாரம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

இனி, உப்புக்காற்று. இந்த வாதத்துக்கு எங்கள் பக்கத்தில் சுலபமாகக் கைதட்டல் கிடைக்கும். ஏனெனில் அதில் பாதி உண்மை. தேவனாம்பட்டினத்துக் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் காரில் எது துருப்பிடிக்காது? 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இந்தப் பக்கந்தான் கரை கடந்தது என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. பரங்கிப்பேட்டையில் ஜோஷையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830களிலேயே இரும்பாலை நடத்திய பிரதேசம் இது; இரும்பும் உப்புக்காற்றும் இங்கே பழைய சகவாசிகள். ஆனால் துரு பட்டையால் வருகிறதா, பட்டையைப் பிடித்திருக்கும் கிளிப்பால் வருகிறதா என்பதை ஆராயாமல் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

அண்ணாமலைநகரில் ஒரு குடும்பத்தின் கொட்டகையில் நிற்கும் பியட் 1100 டிலைட் ஒன்றை அதன் சொந்தக்காரர் அனுமதியோடு சாவகாசமாகப் பார்த்தேன். இடப்பக்கத்துப் பட்டை என்றைக்கோ உதிர்ந்து, துளைகள் திறந்தபடியே இருக்கின்றன. வலப்பக்கத்துத் துளைகளைச் சில வருஷங்களுக்கு முன் ஒரு பட்டறையில் வெல்டிங் வைத்து அடைத்து, பட்டி தடவிப் பெயிண்ட் அடித்துக் கொடுத்திருந்தார்கள். அசிரத்தையாக விடப்பட்ட இடப்பக்கத்தில் ஒவ்வொரு துளையின் கீழும் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு வழிந்திருந்ததே தவிர, தகரம் கெட்டியாக இருந்தது. விரல் நகத்தால் அழுத்தினால் அமுங்கவில்லை. சிகிச்சை செய்யப்பட்ட வலப்பக்கத்திலோ, துளைகள் இருந்த ஒவ்வோர் இடத்திலும் பெயிண்ட் கொப்புளித்து, ஒன்றிரண்டு கொப்புளங்கள் உடைந்து, ஈரமான பட்டி மாவாக உதிர்ந்தது. கதவின் உள் அட்டையைக் கழற்றி டார்ச்சு அடித்துப் பார்த்தபோது காரணம் விளங்கிற்று. ஒவ்வொரு வெல்டிங் பொட்டின் முதுகிலும் கருகிய வட்டம் ஒன்று. சூட்டில் அந்த இடத்தின் பழைய பிரைமர் எரிந்துபோய், பிரஷ் எட்டாத இடமாதலால் மறுபடி எதுவும் பூசப்படாமல், வெறும் இரும்பு பல மழைக்காலங்களைப் பார்த்திருக்கிறது. துரு உள்ளிருந்து வெளியே வந்திருக்கிறது. உள்ளிருந்து ஈரம் ஏறினால் பட்டி அதைக் குடித்து வைத்துக்கொள்ளும் என்பது பெயிண்டர்கள் அறியாத சங்கதியன்று.

துருவுக்குப் பயந்து செய்த காரியமே துருவுக்கு வழி திறந்துவிட்டது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சம் வேண்டுமா? ஒரு வண்டியை வைத்துப் பொதுவிதி சொல்லலாமா என்று யாரேனும் ஆக்ஷேபித்தால், தங்கள் ஊரில் துளை அடைத்த எந்தக் கதவின் உள் அட்டையையும் கழற்றிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பழைய கிளிப்புகள் இரும்புக் கம்பியால் ஆனவை. அவற்றின் கூரிய நுனி பெயிண்டைக் கீறித் தகரத்தைத் தொடும். பட்டை எவர்சில்வராக இருந்தால், உப்பு ஈரம் நடுவில் நின்று இரண்டு உலோகங்களையும் இணைக்கும்போது நஷ்டப்படுவது இரும்பு; பட்டை அலுமினியமானால் நஷ்டம் அலுமினியத்துக்கு, அது வெள்ளைப் பொடியாகப் பூத்துக் கரையும். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே: உலோகத்தை உலோகம் தொடவிடாமற்செய்வது. துளையின் விளிம்பைத் தேய்த்துப் பிரைமர் தடவி, கிளிப்புக்கு அடியில் ரப்பர் வில்லையோ பிளாஸ்டிக் வில்லையோ வைத்து, துளையைச் சீலர் பசையால் மூடி, உட்புறத்தில் மெழுகுத் தைலம் பீச்சிவிட்டால், கடலூர்க் காற்றிலும் அந்தக் கதவு பல வருஷம் நிற்கும். பட்டையின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடிய வழி விடவேண்டும். நாலு பக்கமும் பசையால் அடைத்துவிட்டால் நுழைந்த நீர் வெளியேறாது. இவ்வளவும் ஒரு காலை நேரத்து வேலை.

முலாமைப் பற்றிய ஆக்ஷேபத்துக்கு வருகிறேன். சிப்காட் தொழிற்பேட்டை ரசாயன ஆலைகளின் வாசனையைச் சுவாசித்து வாழும் கடலூர்க்காரர் ஒருவர் ரசாயனத்துக்கு அஞ்சினால் அவரைப் பரிகசிக்க எனக்கு மனம் வராது. குரோமியம் முலாமுக்குக் காலங்காலமாகப் பயன்பட்டுவரும் ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் கொடிய விஷம் என்பதும், ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுப்போன லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்ததும் உண்மை. ஆனால் இந்த உண்மை நம் விஷயத்தில் எவ்வளவு தூரம் செல்லும்? பக்கவாட்டுப் பட்டைகளில் பெரும்பாலானவை எவர்சில்வர் தகட்டையோ அலுமினியத்தையோ உருட்டி வளைத்துச் செய்தவை. அவற்றுக்கு முலாமே கிடையாது. நெளிவை எடுத்து, பஃபிங் சக்கரத்தில் பிடித்தால் போதும். காந்தம் ஒட்டுகிறது, ஆகவே இது இரும்பு என்று சிலர் நல்ல பட்டையைத் தூக்கி எறிகிறார்கள்; பட்டைக்குப் பயன்படும் எவர்சில்வர் வகைகளில் காந்தம் ஒட்டுவதும் உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முலாம் தேவைப்படுவது பம்பருக்கும், இரும்பு வளையங்களுக்கும், அச்சில் வார்த்த நாகக் கலவை எழுத்துகளுக்கும் மட்டும். அவற்றை, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஒழுங்கான கூடத்தில் கொடுத்து, ஒரு தலைமுறைக்கு ஒருமுறை செய்துகொள்வதே தர்மம். சந்துக்குள் தொட்டி வைத்துச் சாக்கடையில் கொட்டுகிறவரிடம் மலிவுக்காகக் கொடுப்பது அதர்மம். மலிவான முலாம் உழைக்கவும் உழைக்காது. கண்ணுக்குத் தெரியும் குரோமியத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. துருவைத் தடுப்பது அதன் அடியில் உள்ள நிக்கல் படலம். குரோமியத்துக்கான கனிமம் நமக்கு ஒடிசாவின் சுகிந்தாவில் ஏராளமாகக் கிடைக்கிறது. நிக்கலோ கடல் கடந்தே வரவேண்டும், விலை அதிகம். ஆகவே மலிவாகச் செய்கிறவர் கைவைப்பது நிக்கலில்தான். அடுத்த கார்த்திகைக்குள் அந்தப் பம்பர் புள்ளி புள்ளியாகப் பழுத்துவிடும். பழுத்ததைக் காட்டி, பார்த்தீர்களா, குரோமியம் நம் ஊருக்கு ஆகாது என்பார்கள்.

அகப்படாது என்பது சோம்பலின் மறுபெயர். சென்னை புதுப்பேட்டையிலும், இங்கேயே திருப்பாதிரிப்புலியூரின் பழைய இரும்புக் கடைகளிலும், குப்பையோடு குப்பையாகக் கிடக்கும் நீளமான தகட்டுத் துண்டுகளைப் புரட்டிப் பார்க்கும் பொறுமை யாருக்கு இருக்கிறது? நெளிந்த பட்டையை நேராக்க மோட்டார் மெக்கானிக்கைவிடப் பாத்திரப் பட்டறைத் தொழிலாளி மேல். மரச் சுத்தியையும் மணல் மூட்டையையும் வைத்துக்கொண்டு எவர்சில்வர் குடத்தின் அமுக்கத்தை எடுக்கிற அதே கை, பட்டையின் அமுக்கத்தையும் உட்புறத்திலிருந்து தட்டி எடுத்துவிடும். அறவே கிடைக்காத துண்டுக்கு மற்றொரு வண்டியின் துண்டை வைத்து அச்செடுத்து நகல் செய்துகொள்ளலாம். துளையின் இடம் தெரியாதே என்றால், நான் பார்த்த அந்தப் பியட்டே வழி காட்டுகிறது: இடது கதவின் மேல் மெல்லிய காகிதத்தை ஒட்டிப் பென்சிலால் தேய்த்தால் துளைகள் வட்டம் வட்டமாகப் பதியும், காகிதத்தைப் புரட்டிப் பிடித்தால் அதுவே வலது கதவுக்கு அளவு. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். முன்கதவு திறக்கும்போது அதன் முன்விளிம்பு சற்றே உள்நோக்கிச் சுழலுமாதலால், பட்டையை விளிம்புவரை நீட்டிவிட்டால் முதல் முறை கதவைத் திறந்தவுடனேயே மட்கார்டின் பெயிண்டைச் சுரண்டிவிடும். கதவை முழுக்கத் திறந்து மூடி, இடைவெளி பார்த்து, அதற்குப் பிறகு துளையிடுவதே முறை. பெயிண்ட் அடிப்பதற்கு முன்னே ஒருமுறை எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்துக் கழற்றிவிட வேண்டும்.

நகல் வைப்பது மோசடியல்லவா என்று அசல் வெறியர்கள் கேட்பதுண்டு. மூலத் துண்டு கிடைக்கும்வரை துளையோடு நிற்கட்டும் என்பது அவர்கள் கட்சி. மொட்டைக் கட்சியைவிட அது ஆயிரம் மடங்கு மேல், ஏனென்றால் அது எதையும் அழிக்கவில்லை. எனினும் ஜீர்ணோத்தாரணம் கண்ட கோயிலைப் போலியான கோயில் என்று சிதம்பரத்தில் யாரும் சொல்வதில்லை. சிதைந்ததை அதே லக்ஷணத்தில் புதிதாகச் செய்து வைப்பது நம் சம்பிரதாயத்துக்குப் புதிதன்று. மேனாட்டாரும் இதே முடிவுக்குத்தான் வந்தார்கள். புராதனக் கட்டடங்களைப் பற்றி 1964-இல் வெனிஸில் எழுதப்பட்ட சாசனம், காணாமற்போன பாகத்தை வைக்கும்போது முழுமையோடு இசையுமாறும், அசலிலிருந்து பிரித்தறியுமாறும் வைக்கவேண்டும் என்கிறது. பழைய வாகனங்களுக்கான சர்வதேசச் சம்மேளனம் பிற்காலத்தில் வகுத்த டூரின் சாசனம் அதன் வழி வந்தது. நகலின் முதுகில் செய்த வருஷத்தை ஊசியால் கீறிவைத்துவிட்டால் மோசடி என்ற பேச்சுக்கே இடமில்லை.

உதிரிக் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் பளபளப்புப் பிளாஸ்டிக் நாடாவை இருபுறப் பசையால் கதவு முழுக்க ஒட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதம் செய்ய என்ன இருக்கிறது? நல்ல வெயிலில் பசையே உரிந்துவிடும்.

இத்தனைக்கும் பின்னால் உள்ள மெய்க்காரணம் அலங்காரமும் அல்ல, உப்புமல்ல. துளைகளும் பட்டைகளும் இருந்தால் பெயிண்டருக்கு வேலை இரட்டிப்பு. ஒவ்வொன்றையும் வளையாமல் கழற்ற வேண்டும், பத்திரப்படுத்த வேண்டும், ஒடிந்த கிளிப்புக்கு மாற்றுத் தேட வேண்டும், கடைசியில் புதுப் பெயிண்டில் கீறல் விழாமல் மாட்டவும் வேண்டும். இதற்கெல்லாம் கூலி கொடுக்கச் சொந்தக்காரர் தயாராயில்லை. கல்யாண ஊர்வலத்துக்குள்ளோ, புதுச்சேரிப் பக்கத்துப் பழைய கார்ப் பவனிக்குள்ளோ வண்டி வந்தாக வேண்டும் என்று நெருக்குகிறார். இரு தரப்புக்கும் சௌகரியமான ஒரு குறுக்குவழிக்கு இரு தரப்பும் சேர்ந்து ரசனை என்று பெயர் சூட்டிவிட்டார்கள். தொழிலாளியை நான் குறை கூறவில்லை. கூலி கொடுத்தால் செய்யத் தெரிந்தவர்கள் அவர்கள். கூலியைக் குறைத்துவிட்டு அழகியல் பேசுகிற சொந்தக்காரர்களையே குறை கூறுகிறேன்.

சர்க்காரின் விதி ஒன்றையும் இவர்கள் எண்ணிப்பார்ப்பது நல்லது. 2021 ஜூலையில் மத்திய அரசாங்கம் திருத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதற் பதிவு நடந்து 50 ஆண்டுகளுக்கு மேலான, மூல உருவத்தில் காக்கப்பட்டு, அடிச்சட்டத்திலும் உடலிலும் என்ஜினிலும் கணிசமான மாறுதலுக்கு உள்ளாகாத வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகளோடு தனிப் பதிவு உண்டு. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். நாலு துளையை அடைத்ததற்காக எந்த அதிகாரியும் பதிவை மறுப்பார் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் மூல உருவம் என்று சட்டமே மதிக்கிற ஒன்றை, அந்த வண்டி ஐம்பதைத் தொடும் வேளையில் நாமே பட்டி தடவி மூடுவானேன்? 1970களின் முற்பகுதியில் பதிவான பியட்டுகளும் பிரெசிடென்ட்டுகளும் கெஸல்களும் அந்த வயதைத் தாண்டிவிட்டன, பத்மினிகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன.

ஆகவே, பழைய கார் வைத்திருக்கும் கடலூர், சிதம்பரம் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டியைப் பெயிண்டுக்கு விடுவதற்கு முன் நான்கு பக்கமும் அருகில் நின்று படம் எடுத்து, ஒவ்வொரு துளையின் அளவையும் காகிதத்தில் தேய்த்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பட்டைகளையும் எழுத்துகளையும், உடைந்தவையானாலும், பட்டறையில் விடாமல் துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வாருங்கள். இப்போது பணம் இல்லையென்றால் பட்டையை அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளலாம், அதற்கடுத்த வருஷமும் வாங்கிக்கொள்ளலாம். அதுவரை துளைகளுக்கு ரப்பர் மூடி போட்டு வையுங்கள், விலை சில ரூபாய்தான். வெல்டிங்காரரை மட்டும் அந்தக் கதவின் அருகே விடாதீர்கள்.